கோயிலுக்கு என்று சொல்லிப் போன பயணம்

எனக்கு வடிவாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒன்றைச் சொல்லத் தொடங்கி இன்னொன்றுக்குப் போய்விடுவேன், வருடங்களும் மறந்துபோகும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் பிராங்பேர்ட்டில் ஒரு வங்கிக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்தேன். விடிய ஐந்து மணிக்குத் தொடங்கி, வங்கிக்காரர் வருவதற்கு முன் முடித்துவிட வேண்டும். என்னோடு இன்னொரு யாழ்ப்பாணத்துப் பெண் வேலை செய்தாள். என்னைவிட நாலு வயது இளையவள். பத்து வருடத்துக்கு மேல் ஒரே மாடியில் நான் மேசைகளையும் குப்பைக்கூடைகளையும் பார்த்தேன், அவள் கம்பளங்களைப் பார்த்தாள். வேலை முடிந்ததும் எஸ்-பான் ரயில் நிலையத்து வாங்கில் குந்தியிருந்து, ஒரே டப்பாவுக்குள் கைவிட்டுச் சாப்பிடுவோம். ரொட்டி என்னுடையது, சம்பல் அவளுடையது. மனிதரோடு கதைக்க எனக்குக் கூச்சம். கணவர் போன பிறகு இந்த நாட்டில் நான் வாய்விட்டுக் கதைத்தது அவளோடு மட்டும்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மற்றது விளங்காது. ஊரில் அவளுடைய ஆட்களை எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் எடுப்பதில்லை. அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்க எங்கள் அம்மா வேறாக ஒரு பேணி வைத்திருந்தார். அவர்கள் வீட்டில் நாங்கள் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் கதைத்ததில்லை. ஒரே டப்பாவில் சாப்பிடுகிறோம், பிறகென்ன கதை என்று நான் நினைத்திருந்தேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து ஆறேழு வருடம் போயிருக்கும். அப்போது நான் நூற்றுப் பதினெட்டுக் கிலோ. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. நிறை குறையாமல் முழங்கால் ஒப்பரேஷன் செய்ய ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இரைப்பையைச் சிறிதாக்கும் ஒப்பரேஷன் ஒன்று இருக்கிறது என்று மகன் கண்டுபிடித்தான். மருத்துவக் காப்புறுதிக்கு இரண்டு தரம் அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், எழுதிப் போட்டோம். இரண்டு தரமும் முடியாது என்று கடிதம் வந்தது. கைக்காசில் இங்கே செய்ய எங்களால் முடியாது. சென்னையில் செய்தால் விமானச் சீட்டோடு சேர்த்தும் அதில் பாதி வராது என்றான் மகன்.

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, அம்மா. திண்டு திண்டு பெருத்திட்டு வயித்தை வெட்டுவிச்சவ எண்டு கடையில நிண்டு சிரிப்பாங்கள். கோயிலுக்குப் போறன் எண்டு சொல்லுங்கோ."

எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. அவளிடமும் கோயில் என்றே சொன்னேன். அவள் ஒரு கடதாசித் துண்டில் தன் பெயரும் நட்சத்திரமும் எழுதித் தந்தாள்.

"எனக்கும் ஒரு அருச்சனை செய்துவிடுங்கோ, அக்கா. நீங்கள் கும்பிட்டால் கேக்கும்."

மகன் முதல் ஐந்து நாள் என்னோடு நின்றான். பிறகு அவனுக்கு லீவு இல்லை. மிச்ச மூன்று கிழமையும் ஆஸ்பத்திரிக்கு அருகில் ஒரு வாடகை அறையில், வடிகட்டிய சூப்பைச் சின்னக் கரண்டியால் குடித்துக்கொண்டு தனியே கிடந்தேன். சுற்றிவரத் தமிழ். ஆனாலும் ஒருவரோடும் கதைக்கவில்லை. ஒரு கோயிலுக்கும் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பிள்ளையார் இருந்தார். அவரிடம் அவளுடைய பெயரைச் சொல்லி, கொஞ்சம் திருநீறு மடித்துக்கொண்டு வந்தேன்.

திரும்பி வந்த முதல் ஞாயிறே அவள் என்னைக் கூப்பிட்டாள். புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும். வாசலிலேயே வாசம். நானோ அப்போதுதான் மசித்த சாப்பாட்டுக்கு வந்திருந்தேன், அதுவும் நாலைந்து கரண்டி.

"நான் மச்சமாமிசம் விட்டிட்டன்" என்று சொன்னேன்.

அவள் சிரித்தாள்.

"என்னக்கா, ஒரு மாசத்தில ஐயராகிட்டியளோ? சரி, வாற ஞாயிறு சைவமாய்ச் சமைக்கிறன். அதுக்கு ஒரு சாட்டும் சொல்லக்கூடாது."

அடுத்த ஞாயிறு போனேன். இடியப்பமும் சொதியும். மேசையில் வைத்துவிட்டு, "பயப்படாமல் சாப்பிடுங்கோ. இது புதுச் சட்டி. மச்சம் படேல்லை" என்றாள். எனக்காகக் கடைக்குப் போய்ச் சட்டி வாங்கியிருக்கிறாள். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு இடியப்பத்தில் பாதியைச் சாப்பிட்டேன். அது உள்ளே இறங்காமல் நெஞ்சுக்குள் நின்றது. நோவில் கண் கலங்கியது. அவள் அடுப்படிக்குப் போன நேரம் மிச்சத்தைக் கடதாசித் துவாயில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தேன். நிமிர்ந்தபோது அவள் கதவடியில் நிற்கிறாள்.

ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"தண்ணியாவது குடிப்பியளோ?"

சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சென்னையில் நூறு தரம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நெஞ்சும் அடைத்திருந்தது.

"பிறகு குடிக்கிறன்" என்றேன்.

அவள் கிளாஸை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தாள்.

"எனக்கு விளங்குது. கோயில் குளம் போய்வந்த நாச்சியாருக்கு எங்கட வீட்டுத் தண்ணி இறங்காது."

நாச்சியார் என்பது அவளுடைய தாய் எங்கள் வீட்டுப் படலையில் நின்று சொல்லியிருக்கக்கூடிய சொல். அவள் என்னை அக்கா என்று சொல்லாமல் விட்டது அன்றைக்குத்தான்.

"அப்பிடி இல்லை" என்று மட்டும் சொன்னேன். எப்படி என்று சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அவள் வேலையை வேறு கட்டடத்துக்கு மாற்றிக்கொண்டாள். நான் முப்பத்தெட்டுக் கிலோ குறைந்தேன். ஒரு முழங்காலுக்கு ஒப்பரேஷனும் செய்தாயிற்று. தமிழ்க் கடையில், "என்ன சுகரோ?" என்று கேட்பார்கள். ஓம் என்று சொல்லிவிடுவேன். அந்த வாங்கில் பிறகு நான் இருக்கவில்லை. ரயில் வரும்வரைக்கும் நின்றேன், இப்போதுதான் நிற்கக் கால் இருக்கிறதே. டெலிபோனை எடுத்து இலக்கத்தை அழுத்தி, மணி அடிக்க முதல் வைத்த நாட்கள் எத்தனையோ.

பிறகு அவள் ஆஹென் நகரத்தில் இருக்கும் மகளோடு போய் இருந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். இன்னும் ஒரு வருடம் யோசித்தேன். கடைசியில் மகனிடம் விலாசம் எடுப்பித்து, தனியே ரயில் ஏறினேன். வழி முழுக்கச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்தவளுக்கு என்னை அடையாளம் மட்டுக்கட்ட ஒரு நிமிடம் பிடித்தது. "வாங்கோ" என்றாள். மகள் வேலைக்குப் போயிருந்தாள். இருந்தவுடனே எல்லாவற்றையும் சொன்னேன். சென்னை, ஒப்பரேஷன், அரை மணித்தியாலம், பிள்ளையார். சட்டையை உயர்த்தி வயிற்றில் இருந்த ஐந்து சின்னத் தழும்புகளையும் காட்டினேன். என் வாழ்க்கையில் ஒருவருக்கும் அப்படிக் காட்டியதில்லை.

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நோகேல்லையோ?"

"நொந்தது."

"அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?"

"வெக்கமாய்க் கிடந்தது."

"என்னட்டையும் வெக்கமோ? பத்து வருசம் ஒரு டப்பாவில திண்டனாங்கள்."

அதற்குப் பிறகு மகளின் வேலை, ஆஹென் மழை, என் மற்ற முழங்கால் என்று ஒரு மணித்தியாலம் மரியாதையாகக் கதைத்தாள். ஆனால் தேத்தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. எங்கள் தமிழ் ஆட்களில் வீட்டுக்கு வந்தவரை அப்படி யாரும் அனுப்புவதில்லை. எனக்கு நல்ல தாகம். "கொஞ்சம் தண்ணி தாரும்" என்று நான் கேட்டிருக்கலாம். ஒரு சொல்தான். கேட்கக் கூச்சமாக இருந்தது. நிலையத்துக்கு வந்து ஒரு போத்தல் வாங்கிக் குடித்தேன்.

என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நினைத்துக் கேட்காமல் விட்டாளா, மனம் ஆறாமல் விட்டாளா என்று எனக்குத் தெரியாது. ஒப்பரேஷன் நடந்த வருடத்தையும் கிலோக் கணக்கையும் மகன் பார்த்துத் திருத்தட்டும். மற்றதெல்லாம் என் பக்கத்து ஞாபகம், பிழை இருக்கலாம். ஆஹெனில் அவளைத் தெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், அவளுக்கு வாசித்துக் காட்டி, எது சரி எது பிழை என்று கேட்டு எழுதுங்கள்.