பேர் தெரியாதவர்களுக்காக ஒரு சரிவு

பெருமாள்மலையில் பஸ்ஸை விட்டு இறங்கி டீ சொல்லிவிட்டு நின்றிருந்தேன். பூம்பாறையிலிருந்து மாயாண்டி போன் செய்தார். "சார், ரோசம்மா அக்கா போயிட்டாங்க. வெரசா வாங்க" என்றார். டீயைத் தொடாமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் அழுகையைவிடக் கவலைதான் முந்திக்கொண்டது. ஊற்றுக்கு மேலே அவர் சோலைமரம் வளர்த்த சரிவை இனி ஊர் விட்டுவைக்குமா?

பூம்பாறைக்காரரான ரோசம்மாவும் நானும் கொடைக்கானலில் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். நான் உயிரியல் வாத்தியார். அவர் தோட்டப் பொறுப்பாளர். இந்தப் பள்ளி மலரைப் படிக்கும் பழைய மாணவர்களே, உங்களில் பலர் அவரிடம் நாற்று வாங்கியிருப்பீர்கள், கூடவே திட்டும் வாங்கியிருப்பீர்கள். நாற்றைத் தண்டைப் பிடித்துத் தூக்கினால் அவருக்குப் பொறுக்காது. "பச்சப் புள்ளயக் கழுத்தப் புடிச்சா தூக்குவீங்க?" என்பார். அதிகம் வாங்கியவன் நான்தான்.

ஸ்டாஃப் ரூமில் நான் அடிக்கடி ஒரு வாதம் வைப்பேன். இருநூறு வருடம் கழித்து வரப்போகிறவர்கள்மேல் யாருக்கும் உண்மையில் அக்கறை கிடையாது, எல்லாம் மேடைப் பேச்சு என்பேன். கொள்ளுத்தாத்தா பேரே நமக்குத் தெரியாதபோது, இன்னும் பிறக்கவே இல்லாத ஆளுக்காக யார் உருகப்போகிறார்கள்? ரோசம்மா கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சிரிப்பார். "அக்கறை எல்லார்கிட்டயும் கெடக்கு சார். அதுக்கு ஒரு சோலி கொடுக்கணும், அம்புட்டுத்தான்."

பூம்பாறை ஊற்று வற்றத் தொடங்கிய வருடம், அதற்கு மேலிருந்த பொதுச்சரிவை அவர் ஊரிடம் கேட்டு வாங்கினார். அங்கே அடர்ந்திருந்த, வெள்ளைக்காரர் கொண்டுவந்த தண்ணீர் உறிஞ்சும் வாட்டில் மரங்கள் போய், மலைக்கே உரிய சோலைக்காடு வந்தால் ஊற்று நிலைக்கும் என்பது அவர் கணக்கு. நான் என் படிப்பைக் காட்டினேன். வாட்டிலை ஒரேயடியாக வெட்டிவிட்டு நடலாம் என்று அடம்பிடித்தேன். "சோலை நாத்துக்கு நெழல் வேணும் சார்" என்று சொல்லிப் பார்த்தார். நான் விடவில்லை. முதலில் சரிவின் கீழ்ப்பாதியை மொட்டையாக வெட்டி நட்டோம். மார்கழிப் பனியில் நாற்று அத்தனையும் கருகிவிட்டது.

ஊர்க்கூட்டத்தில், சரிவைத் திருத்திப் பூண்டு போடலாம் என்று பேச்சு எழுந்தது. ரோசம்மா எழுந்து நின்றார். "தப்பு என்னோடதுங்க. இன்னொரு தடவ கொடுங்க. வெட்டாத மேல்பாதியில நாலுல ஒரு மரத்த மட்டும் எடுத்துட்டு, மிச்ச நெழல்ல நடுறேன்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மாயாண்டி பூண்டு விவசாயி. எந்தக் கூட்டத்திலும் உரத்த குரல் அவருடையது. "சோலையாக எத்தன வருசமாகும்க்கா?" என்று கேட்டார்.

"நாமளும் பாக்க மாட்டோம், நம்ம பேரப்புள்ளைகளும் பாக்காது."

"அப்ப யாருக்குத்தான் இது? அவுங்க பேராச்சும் தெரியுமா?"

"பேரு தெரியாது. அவுங்களுக்கும் தண்ணி தவிக்கும்னு தெரியும்."

கூட்டம் சிரித்தது, ஆனால் சரிவைக் கொடுத்தது. காட்டெருமை ஏறாமல் வேலி கட்ட முதலில் வந்தவர் அதே மாயாண்டி. செண்பகமும் நாவலும் இப்போதுதான் ஆள் உயரத்துக்கு வந்திருக்கின்றன.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்ட வாசலில் நின்றோம். "இனி யாரு சார் சரிவப் பாத்துக்குவா?" என்று ஒருவர் கேட்டார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல நா துடித்தது. உண்மையை மறைத்துவிட்டு அந்தப் பொறுப்பைக் கேட்க மனம் வரவில்லை. "அன்னிக்கு எல்லா மரத்தையும் வெட்டச் சொன்னது நான்தான். பழிய அவங்க ஏத்துக்கிட்டாங்க" என்றேன். சரிவு கைவிட்டுப் போனது என்றே நினைத்தேன்.

மாயாண்டி என் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க மறுபடி அதச் செய்ய மாட்டீங்க. அடுத்த நாலுல ஒண்ண எடுக்கணும், திங்கக்கெழம அருவாளோட வெள்ளனே வந்துருங்க" என்றார்.

திங்கட்கிழமை விடிந்ததும் போனேன். எனக்கு முன்னாலேயே பதினோரு பேர் சரிவில் நின்றார்கள். ரோசம்மாவின் பொறுமை எனக்கு வராது. மனிதர்கள்மேல் அவர் வைத்திருந்த நம்பிக்கையை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அதை எதிர்த்துப் பேச இனி என்னிடம் ஒரு வாதமும் இல்லை.