யாக்கோப்பு கழித்துவிட்ட ஆட்கள்

இருபது வருடமாக லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் யாக்கோப்புக்கு ரக்பி என்றால் உயிர். ஞாயிறு பூசை முடிந்ததும் ஹவுன்ஸ்லோ கோயில் மண்டபத்தில் தேத்தண்ணியோடு உட்கார்ந்து இங்கிலாந்து அணியைத் தெரிவு செய்வார். "உவனை விட்டிட்டு ஆடலாம்" என்று இந்த வருடம் அவர் கழித்த மூவரும் அதே கிழமைக்குள் காயப்பட்டு விழுந்தார்கள். "இனி வாயைத் திறவாதேங்கோ அண்ணை" என்று கூட வேலை செய்யும் கிருசாந்தன் கையெடுத்துக் கும்பிட்டான்.

உலகக் கிண்ணக் காலிறுதிக்கு முந்திய ஞாயிறு அவர் ஆட்டக்காரர் பக்கமே போகவில்லை. பேச்சு நடுவரில் வந்து நின்றது. "போன முறை எங்கட பெடியன் கோட்டுக்கு அங்கால பந்தை வைச்சும் ட்ரை எண்டு அவன் புள்ளி தரேல்லை. அந்தாளை மாத்த வேணும்!" என்று பொரிந்து தள்ளினார்.

தேத்தண்ணி ஆறுவதற்குள் கிருசாந்தனின் போனில் செய்தி வந்தது. நடுவர் மயங்கி விழுந்துவிட்டார். வேறு ஆள் வருகிறார். கிருசாந்தன் தன் கதிரையை மெல்லப் பின்னால் இழுத்தான். யாக்கோப்புக்கு அது சுட்டது.

வீட்டில் மனைவி மரினா கறியைக் கிண்டிக்கொண்டே கேட்டாள்: "சனிக்கிழமை மட்ச் பாக்க எல்லாருக்கும் இங்க இடம் காணாது. ஆரை விட்டிட்டுக் கூப்பிடுவம்?"

கிருசாந்தனின் பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. யாக்கோப்பு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.