தோரிக்கா கோல் எடுத்த கல்யாணம்

தோரிக்கா பேசி யாரும் கேட்டதில்லை என்று சொன்னால் அது கொஞ்சம்தான் மிகை. பிஜிக்கு வடக்கே இருக்கும் ரொத்தூமாத் தீவின் வடகரையில், எங்கள் ஊரில், அவள் வீடும் என் வீடும் பக்கத்துப் பக்கத்தில். காலையில் பன்றிகளுக்குத் தேங்காய் உடைத்துப் போடும்போது என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு. வணக்கம், நலம் விசாரிப்பு, ஊர்ச்செய்தி எல்லாம் அதிலேயே அடக்கம்.

மிச்சப் பேச்சை அவள் புருஷன் சகிமி பார்த்துக்கொண்டான். சாப்பிடுகிறாயா என்று அவளைக் கேட்டால் அவன் பதில் சொல்வான்: "அவளுக்கு இப்ப வேண்டாமாம்." அவள் எப்போது சொன்னாள் என்று எவருக்கும் தெரியாது.

அவளுடைய அண்ணன் மனுவேலியின் மகள் வமராசிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பாய்கள் பின்னி முடிந்தன, பன்றிகள் கொழுத்து நின்றன, மண்ணடுப்புக்குக் குழியும் தோண்டியாயிற்று. கோமாளி மட்டும் வந்து சேரவில்லை.

கோமாளி இல்லாமல் எங்கள் ஊரில் கல்யாணம் களைகட்டாது. பெண்வீட்டார் நடுவயதுப் பெண் ஒருத்தியின் கையில் கோலைக் கொடுத்துவிட்டால், அன்று பொழுது சாயும்வரை அவள் சொன்னதுதான் சட்டம். வெயிலில் ஆடு என்றால் ஆட வேண்டும், முட்டி போடு என்றால் போட வேண்டும். தலைவரானாலும் சரி, பாதிரியாரானாலும் சரி. வழக்கமாகக் கோல் பிடிக்கும் லவேனியா, டாக்டரிடம் கண் காட்டுவதற்காகத் தலைநகர் சுவாவுக்குப் போயிருந்தாள். திரும்பி வரவேண்டிய கப்பல் அங்கேயே எஞ்சின் பழுதாகிக் கிடந்தது.

மனுவேலி பெண்களையெல்லாம் கூட்டி வைத்துக் கெஞ்சினான். யாரும் அசையவில்லை. காரணம், எங்கள் ஊர்த்தலைவர் வைவாவோதான். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் ஊரில் கிடையாது. ஒருமுறை அவர் பேச்சுக்கு நடுவில் கூவிய சேவல், அன்று மாலையே அவர் வீட்டுக் குழம்பில் கிடந்தது.

"என்னால ஆகாதுப்பா. அவர் மூஞ்சியப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கும்."

"எனக்கு இடுப்பு வலி."

"நேத்து பூரா ஆடிக்கிட்டிருந்தியேடி?"

"அதனாலதான் வலி."

அப்போது மூலையிலிருந்து ஒரு குரல்: "நான் எடுக்கறேன், அண்ணே."

பேசியது யார் என்று எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். தோரிக்கா மடியிலிருந்த பாயைத் தடவிக்கொண்டிருந்தாள். மனுவேலி சகிமியிடம் திரும்பினான்: "மச்சான், என்ன சொல்றா இவ?"

சகிமியும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கல்யாண நாளன்று புருஷனுடைய கால்சட்டையும் மீன்பிடித் தொப்பியும் போட்டுக்கொண்டு, கோலோடு பந்தல் நடுவே வந்து நின்றாள். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. கூட்டம் நெளிந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சகிமியால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றான்.

"அவ என்ன சொல்ல வர்றான்னா..."

"உக்காருடா!"

பந்தலுக்கு வெளியே படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

"இருபது வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன், மனசுக்குள்ள. இன்னிக்குத்தான் உன் காதுல விழுந்திருக்கு." பெரிய சேப்பங்கிழங்குத் துண்டு ஒன்றை எடுத்து அவன் வாயில் வைத்தாள். "மெல்லு. இது தீர்றதுக்குள்ள பேசினா இன்னொண்ணு வரும்."

அதற்குப் பிறகு அவளை நிறுத்த ஆளில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பாக்களை வரிசையாக வெயிலில் நிறுத்தி ஆடவிட்டாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தவனை, "என்னப்பா, பொண்ணு அழகு கண்ணக் கூசுதா?" என்று கேட்டு, கண்ணாடியைப் பிடுங்கிப் பன்றிக்கு மாட்டப் போனாள். பிறகு கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பலாமரத்தடியில் கவா என்ற வேர்ச்சாறு குடித்துக்கொண்டிருந்த தலைவரைப் பார்த்தாள்.

அத்தனை வருடமும் 'தலைவரே' என்ற ஒரு சொல்லைக்கூடத் தரையைப் பார்த்துச் சொன்னவள் அவள்.

"ஏய் வைவாவோ! நிழல் உனக்கு மட்டுமா விழுது? வெளிய வா."

பாதிரியார் தன் விரல் நகங்களைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.

"முட்டி வலிக்குது" என்றார் தலைவர்.

"என் பன்னி உன் தோட்டத்துல நுழைஞ்சப்ப கடற்கரை வரைக்கும் துரத்தினியே, அன்னிக்கு முட்டியை வீட்டுல வச்சிட்டா ஓடின?"

எங்கோ ஒரு சிரிப்பு வெடித்தது. தொடர்ந்து பந்தலே குலுங்கியது. தலைவர் எழுந்து வந்தார். எறும்பு மிதிக்கிற மாதிரி இரண்டு எட்டு வைத்தார்.

"கையும் ஆடணும். என்னது அது, கோயில்ல காணிக்கைத் தட்டு பிடிக்கற மாதிரி! சரி, இப்ப சிரி."

"சிரிக்கணுமா?"

"பல்லு தெரியணும்."

தலைவர் தயங்கினார். கோல் தரையில் ஒரு தட்டுத் தட்டியது. வேறு வழியின்றி உதட்டை விரித்தார். மேல்வரிசையில் நட்டநடுப் பல் இல்லை. இத்தனை காலம் அவர் ஏன் சிரிக்கவில்லை என்பது ஊருக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. கூட்டம் கப்பென்று அடங்கியது. தலைவரின் முகம் சிவந்துகொண்டே போனது.

தோரிக்கா அவர் அருகில் போனாள். தன் மேலுதட்டை விரலால் தூக்கிக் காட்டினாள். "எனக்கு ரெண்டு."

தலைவர் எட்டிப் பார்த்தார். தொண்டைக்குள் ஏதோ கனைத்தது. பிறகு வயிறு குலுங்க, கண்ணில் நீர் வர, சத்தம் போட்டுச் சிரித்தார். அதற்கப்புறம் அவரை உட்கார வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. யாரும் கூப்பிடாமலே ஒவ்வொரு பாட்டுக்கும் எழுந்தார். கடைசியில் தோரிக்காவே கோலைக் குறுக்கே நீட்டினாள்: "போதும், உக்காரு. பாதிரியாருக்கும் கொஞ்சம் இடம் விடு."

பொழுது சாய்ந்ததும் கோலைக் கொடுத்துவிட்டுக் கால்சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாள். மறுநாள் காலை பன்றிகளிடம் அவளைப் பார்த்தேன்.

"எங்கிருந்து வந்துச்சு அவ்வளவு பேச்சு?" என்று கேட்டேன்.

ஒரு தேங்காயை உடைத்துப் போட்டாள். "இருந்துச்சு" என்றாள்.

சகிமி இன்னும் அவளுக்காகப் பதில் சொல்லத்தான் செய்கிறான். ஆனால் வாயைத் திறப்பதற்கு முன் ஒருமுறை அவளைப் பார்த்துக்கொள்கிறான். கப்பல் ஒருவழியாக வந்தது. விஷயம் கேள்விப்பட்ட லவேனியா நேரே வந்து, "அடுத்த கல்யாணத்துல கோல் எனக்குத்தான், சொல்லிட்டேன்" என்று சண்டைக்கு நின்றாள். தோரிக்கா தலையசைத்தாள். அப்படி ஒருத்தியிடம் எப்படிச் சண்டை போடுவது? லவேனியா, தோரிக்கா கொடுத்த ஒரு தர்ப்பூசணியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

டிசம்பர் வந்தது. வீடுவீடாகப் போய்ப் பாடி ஆடுகிற ஃபாரா கூட்டம் தோரிக்காவின் முற்றத்துக்கும் வந்தது. முன்வரிசையில் தலைவர்! இரண்டு பாட்டுக்கு வேர்த்து விறுவிறுக்க ஆடினார். ஆட வந்தவர்களுக்குச் செய்கிற மரியாதையாகச் சகிமி எல்லோர் தலையிலும் பவுடர் கொட்டினான். தோரிக்கா தலைவரின் கழுத்தில் வாசனைத் தைலம் தெளித்துவிட்டு, தரையைப் பார்த்தபடி, "வந்ததுக்கு சந்தோஷம், தலைவரே" என்றாள்.

தலைவரின் முகம் வாடிவிட்டது. "அவ்வளவுதானா? ஏதாவது திட்டேன்."

"அதுக்குக் கல்யாணம் வேணும், தலைவரே."

மறுவாரமே அவர் தன் கடைசி மகளுக்கு மாப்பிள்ளை தேடத் தொடங்கினார். சுவாவில் நர்ஸ் படிப்பில் இருந்த அந்தப் பெண், படிப்பு முடியும்வரை இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று தொலைபேசியில் கத்தினாளாம். அவளுக்கு எங்கே தெரியும், அப்பாவின் அவசரம்!