நாடி பார்க்க வந்தவர்கள்

"இந்த நெஞ்ச வெச்சிக்கினு நீ ஓடி என்னத்தடி கிழிக்கப் போற?"

கேட்டது என் அத்தை, அப்பாவின் அக்கா. கேட்டபோது என் மணிக்கட்டு அவர் கையில் இருந்தது. அத்தை டாக்டர் இல்லை. அடுத்த தெருவில் இட்லி மாவு அரைத்து விற்றார். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கடைசித் தீர்ப்பு அவருடையதாகத்தான் இருந்தது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது இருக்கும்.

அடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் எங்கள் வீடு. அப்பாவுக்கு அந்தப் பட்டறையிலேயே வேலை. அம்மா பொம்மசந்திராவில் கார்மெண்ட்ஸ் தையலுக்குப் போய்வந்தார். இருவரும் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து இந்தக் கன்னட ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள், பள்ளிக்கூடத்தில் உட்காரக் கொடுத்துவைக்காதவர்கள். நான் படித்தது அவர்களுக்குப் பெருமை. நான் ஓடியது பெருமையா தொல்லையா என்று அவர்கள் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

பள்ளியில் பி.டி. மிஸ்தான் என்னைக் கண்டுபிடித்தார். தினமும் காலையில் மைதானத்தைச் சுற்றி ஓட வைத்தார். இரண்டு வருடம் அப்படி ஓடிய பிறகு மாவட்டப் போட்டிக்கு எண்ணூறு மீட்டரில் என் பெயர் போயிற்று. போவதற்கு முன் உடம்பு சரியாக இருக்கிறது என்று சான்று வேண்டும். அதற்காக ஒரு நர்ஸம்மா பள்ளிக்கு வந்தார். என் கையைப் பிடித்து வாட்ச்சைப் பார்த்தார். விட்டுவிட்டு மறுபடி பிடித்தார். பிறகு இன்னொரு கையைக் கேட்டார்.

"தும்பா கம்மி இதே" என்று கன்னடத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ரொம்பக் கம்மியாக இருக்கிறதாம். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வா, அதுவரைக்கும் ஓடாதே என்று அனுப்பிவிட்டார். பி.டி. மிஸ் அன்று கபடி அணியோடு வெளியூர் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

நான் வீட்டுக்கு வந்து, "நாடி கம்மியா இருக்காம்" என்று சொன்னேன்.

எங்கள் ஆட்களிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. ஊரில் ஒரு பெரிய உயிர் படுக்கையில் கிடந்தால் வாசலில் நிற்பவர்கள் கேட்பது, நாடி எப்படி இருக்கிறது என்றுதான். உள்ளேயிருந்து ஒருவர் வந்து, "எறங்கிக்கினே போவுது" என்பார். உடனே ஆள் அனுப்பி வெளியூர்ச் சொந்தங்களை வரவழைப்பார்கள். நாடி கம்மி என்றால் எங்களுக்கு அந்த ஒரே அர்த்தம்தான். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு ஓடிவந்தார். அத்தை வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

அன்றிலிருந்து என்னைப் படுக்க வைத்துவிட்டார்கள். பள்ளி கிடையாது. தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது. வயசுப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அம்மாதான் அழைத்துப்போக வேண்டும், அவருக்கு ஆலையில் லீவு கிடைக்கும்வரை வழியில்லை. அதற்குள் அப்பா என்னை தர்காவுக்கு அழைத்துப்போய் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். காலையில் ஆட்டுக்கால் சூப், மாலையில் முட்டை. நோய் எதுவானாலும் எங்கள் வீட்டு மருந்து ஆட்டுக்கால்தான்.

பிறகு பார்க்க வருகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். பிரெட், ஆப்பிள், ஹார்லிக்ஸ். ஞாயிற்றுக்கிழமை உட்கார இடமில்லாமல் பட்டறை ஸ்டூல்களை உள்ளே கொண்டுவந்து போட்டோம். வந்தவர்கள் ஒவ்வொருவரும் முறையாக என் கையைப் பிடித்து நாடி பார்த்தார்கள். ஒசூரிலிருந்து வந்த சித்தப்பா செல்போனைக் காதில் வைத்துக்கொண்டே பார்த்தார்.

அதில் ஒரு வேடிக்கை நடந்தது. யாராவது கையைப் பிடித்தால் பயத்தில் என் நாடி படபடவென்று அடித்தது. "இப்போ நல்லாத்தான் கீது, அக்கா. சூப்பு வேலை செய்யுது" என்று சித்தப்பா சொல்லிவிட்டு நிம்மதியாகக் காப்பி குடித்தார். அவர்கள் போனதும் அது மெல்ல இறங்கிவிடும். அத்தை மட்டும் எல்லோரும் போன பிறகு, நான் கண் அசரும் நேரம் பார்த்து வந்து பிடிப்பார். அவர் முகம் மாறுவதை நான் இமை இடுக்கில் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

தனியாக இருக்கும்போது நானே பிடித்துப் பார்த்தேன். ஒரு துடிப்பு வரும். பிறகு ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் நான் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பேன். அடுத்தது வராமல் போனால் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. வந்ததும் அதற்கடுத்ததற்குக் காத்திருப்பேன். போட்டிக்கான நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. செத்துப்போவதைவிட அந்தப் போட்டியில் வேறொருத்தி என் கோட்டில் நிற்பாள் என்பதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒருவழியாக அம்மாவுக்கு லீவு கிடைத்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அந்தத் தாளைப் பார்த்த டாக்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ ஓடுவியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "அதெல்லாம் நிறுத்திட்டோம் மேடம். இனிமே ஓட மாட்டா."

"நிறுத்தச் சொன்னது யாரு?"

அம்மாவுக்கு நாத்தனாரின் பெயரைச் சொல்லத் துணிவு வரவில்லை. டாக்டரம்மா வெளியே இருந்த படிக்கட்டைக் காட்டி, மேல் மாடி வரை ஓடிவிட்டு அப்படியே இறங்கி வா, நான் உன் நெஞ்சைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அம்மா எழுந்து நின்றுவிட்டார். "மயங்கி விழுந்துட்டா யாரு மேடம் புடிக்கிறது? நானும் கூடப் போறேன்."

நான் ஏறினேன். படுத்துக் கிடந்த கால்கள் முதலில் தயங்கின, பிறகு நினைவு வந்தது போல ஓடின. பின்னால் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. நான் விழுந்தால் தாங்குவதற்காகக் கையை நீட்டிக்கொண்டே அவர் வந்தார். மேல் மாடியைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் அம்மா பாதி வழியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை. போ போ என்று கையை ஆட்டினார். அம்மாவைத் தோற்கடித்துவிட்ட சந்தோஷத்தில் நான் அவரைத் தாண்டிக் கீழே ஓடினேன்.

டாக்டரம்மா என் நெஞ்சைக் கேட்டார். சிரித்தார். ஓடி ஓடிப் பழகிய இதயம் பலமாகிவிடும், ஒவ்வொரு தடவையும் நிறைய ரத்தத்தைத் தள்ளும், அதனால் சும்மா இருக்கும்போது மெதுவாக அடித்தாலே போதும் என்றார். "இது வியாதி இல்லம்மா. இவ சம்பாதிச்சது."

அப்போதுதான் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். டாக்டரம்மா அவரை உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நீங்களும் ஒருதடவை காட்டிக்கங்க" என்றார்.

"எனக்கென்னா மேடம்? நான் என்ன ஓட்டப் பந்தயத்துக்கா போறேன்?"

எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

போட்டியில் மூன்றாவதாக வந்தேன். "நாடி வுழுந்தும் ஓடறா பாரு" என்று அத்தை தெருவெல்லாம் சொன்னார், தர்காக் கயிற்றுக்குத்தான் அந்தப் பெருமை என்றும் சேர்த்துக்கொண்டார். டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று நான் அறிவித்ததும் அந்த வாரத்தில்தான். ஓட்டமா டாக்டரா, ஒன்றைச் சொல் என்றார் அம்மா. இரண்டும் என்றேன்.

இரண்டும்தான் நடக்கிறது. இப்போது இதே ஊரில் எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருடம். முதல் வருடத்தில் உடற்கூறியல் தேர்வில் தோற்றபோது விடுதியிலிருந்து நேரே மைதானத்துக்குப் போனேன். எண்ணூறு மீட்டரில் கடைசி வளைவுக்கு முன்னால் ஓர் இடம் வரும், அங்கே உடம்பு போதும் என்று சொல்லும். அந்த இடத்தைக் கடந்து போய்ப் பழக்கமிருந்ததால்தான் அந்தப் பாடத்தை மறுபடி எழுத முடிந்தது. வேறு எந்தப் பயிற்சியும் எங்கள் வீட்டில் எனக்குக் கிடைத்திருக்க முடியாது.

போன வாரம் ஸ்டெதாஸ்கோப்போடு வீட்டுக்குப் போனேன். கேட்டுப் பழகுவதற்கு வீட்டு மனிதர்கள்தானே எளிது. அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு மார்பை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். லப், டப், சுத்தமாக இருந்தது. அம்மா ஷிப்டுக்கு நேரமாகிறது என்று நழுவப் பார்த்தார். பிடித்து உட்கார வைத்தேன்.

முதல் ஒலி கேட்டது, இரண்டாவது கேட்டது. அதன் பிறகு, அமைதியாக இருக்க வேண்டிய இடத்தில், தூரத்தில் லாரி போவது போல ஓர் உறுமல். இடம் மாற்றி வைத்தேன். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லிக் கேட்டேன். உறுமல் இன்னும் தெளிவாயிற்று. சுருங்கிய வால்வு இப்படித்தான் ஒலிக்கும் என்று வகுப்பில் கேட்டிருக்கிறேன். நான் தப்பாகக் கேட்டிருக்கலாம். மூன்றாம் வருட மாணவிக்கு அந்த உரிமை உண்டு.

"என்னாடி, நாடி வுழுந்துட்ச்சா?" என்று அம்மா சிரித்தார்.

அன்று ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் டாக்டரம்மா ஒருத்தியைச் சோதிக்கப் போய் இருவரைப் பார்த்திருக்கிறார். நான் என் நெஞ்சின் சத்தத்தை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். தோற்கிறவர்களுக்கு மூச்சு வாங்கும் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை எங்கள் கல்லூரி ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு எக்கோ, இதயத்துக்கான ஸ்கேன். பதிவு செய்துவிட்டேன். ஆலை சூப்பர்வைசரிடம் நானே பேசி லீவும் சொல்லிவிட்டேன். பல்கலைக்கழக அணிக்கான தேர்வு ஓட்டமும் அன்றைக்குத்தான். வரமாட்டேன் என்று பயிற்சியாளருக்கு நேற்றே தகவல் அனுப்பிவிட்டேன்.