பானெட்டில் சூடு

இது நடந்தது. கதை கட்டுகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. இருந்திருந்தால் அதை வைத்தே பிழைத்திருப்பேன். நம்பாதவர்கள் தாராளமாக என் தங்கை வீட்டுக்கு வரலாம். வண்டி வாசலில்தான் நிற்கிறது. எந்த நேரமானாலும் சரி, பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். தங்கை காதில் மட்டும் எதையும் போட்டுவிடாதீர்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

தெரிந்தவர் என் மாப்பிள்ளை, அதாவது தங்கையின் வீட்டுக்காரர். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். இருட்டுக் குழிக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்று வேலை செய்து பழகியவர். பயந்த சுபாவம் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. வாய்தான் கொஞ்சம் நீளம்.

தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அரை மணி தாமதமானால் படுக்கை அடுத்த ஆளுக்குப் போய்விடும். பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் திரும்பி வரும்போது பஸ் படிக்கட்டிலேயே சுருண்டு விழுந்தாள். அன்றைக்குத்தான் மாப்பிள்ளை கார் வாங்குவது என்று முடிவு செய்தார். புதுசுக்கு வசதியில்லை. பழைய வண்டி, அதுவும் நேராகச் சொந்தக்காரரிடமே வாங்கினால் நடுவில் யாரும் தின்ன மாட்டார்கள் என்று கணக்குப் போட்டார்.

முதல் வண்டியிலேயே நன்றாக ஏமாந்தார். விற்றவன் அப்படி ஒரு மரியாதைக்காரன். நாற்காலி போட்டான், ஜூஸ் கொடுத்தான், சாவியைத் திருகினான், வண்டி பூனைக்குட்டி போல உறுமியது. மறுநாள் காலை ஐந்தரைக்குத் தங்கை பையோடு வாசலில் நிற்கிறாள், வண்டி செத்துக் கிடக்கிறது. சூடாக இருந்தால் மட்டும் கிளம்புகிற இன்ஜினாம். மாப்பிள்ளை போவதற்கு அரை மணி முன்பே ஓடவிட்டு வைத்திருக்கிறான் அந்தப் புண்ணியவான். அன்று டயாலிசிஸ் போச்சு. இரண்டு நாள் தங்கைக்கு மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் இதை யாரும் அச்சில் போட மாட்டார்கள்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளைக்கு ஒரே மந்திரம். வண்டியைப் பார்க்கப் போகும் முன்பு போனில் சொல்லிவிடுவார்: "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. வந்ததும் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பேன். சூடா இருந்துச்சுன்னா அப்படியே திரும்பிப் போயிடுவேன்." நாலு மணி என்று சொல்லிவிட்டு, கையும் களவுமாகப் பிடிக்க மூன்றே முக்காலுக்கே போய் நிற்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் போனார். பதினாறு வருஷத்து வண்டி. விளம்பரம் கொடுத்தது வெளியூரில் இருக்கும் மகள். வீட்டில் அம்மா மட்டும் இருப்பார், போய்ப் பாருங்கள் என்றாள். அவளிடமும் மந்திரத்தைச் சொன்னார். அவள் சிரித்தாளாம். அந்த வண்டியை ஸ்டார்ட் செய்ய வீட்டில் ஆளே இல்லை என்றாளாம்.

மாப்பிள்ளை போய்ச் சேர்ந்தபோது மணி 3.40. அமைதியான தெரு. வீட்டோடு ஒட்டிய கராஜ். இரும்பு ஷட்டர் இறக்கியிருந்தது. பெல்லை அழுத்தப் போனவர் கையை நிறுத்தினார்.

உள்ளே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டுர்ர்ர்ர்... என்று ஒரே சீரான சத்தம். ஷட்டரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தகடு மெல்ல அதிர்ந்தது. மாட்டிக்கொண்டாள் மகராசி என்று நினைத்துக்கொண்டே பெல்லை அழுத்தினார்.

சத்தம் நின்றுவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, கை நிறையத் துவைத்த துணி. மாடியில் இருந்து இறங்கி வந்ததில் மூச்சு வாங்கியது. மாப்பிள்ளை எதையும் காட்டிக்கொள்ளாமல் வண்டியைப் பார்க்க வேண்டும் என்றார். அந்த அம்மா உள்ளே போய்ச் சாவியைத் தேடி எடுத்து வந்தார். ஷட்டர் பூட்டில் துரு. சாவி திரும்பவே இல்லை. மாப்பிள்ளைதான் தட்டித் திருகித் திறந்து, ஷட்டரைத் தூக்கினார்.

குப்பென்று புகை நாற்றம் முகத்தில் அடித்தது.

நேராகப் போய்ப் பானெட்டில் கை வைத்தார். சுட்டது. வைத்த கையை உடனே எடுக்க வேண்டியிருந்தது. அடியில் எங்கேயோ இரும்பு ஆறுகிற சத்தம்... டிக்... டிக்... டிக்... மணி 3.46.

ஸ்டார்ட் பண்ணக்கூடாது என்று சொல்லித்தானே வந்தேன் என்று குரலை உயர்த்தினார். யாரும் பண்ணவில்லை, தனக்கு வண்டி ஓட்டவே தெரியாது என்றார் அந்த அம்மா. என் காதால் கேட்டேன் என்றார் இவர்.  அந்த அம்மா துணியை மார்போடு இறுக்கிக்கொண்டார்.

இவர் விடுவாரா? வண்டிக்குள் கை விட்டு, பானெட் திறக்கிற பிடியை இழுத்து, அதைத் தூக்கினார்.

பேட்டரி இல்லை. அது இருக்க வேண்டிய தட்டு காலியாக இருந்தது. இரண்டு வயர் முனையிலும் துணி சுற்றிக் கட்டியிருந்தது. பெல்ட் மேல் தூசி. ரேடியேட்டரில் இருந்து இந்தப் பக்கம் வரை பெரிய சிலந்தி வலை, ஓர் இழைகூட அறுபடாமல்... இதெல்லாம் கண்ணெதிரே இருக்க, இன்ஜினில் இருந்து அனல் அடித்தது.

வேறு ஆளாக இருந்தால் அங்கேயே திரும்பியிருப்பார். மாப்பிள்ளைக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒருமுறை ஏமாந்தவருக்குப் பேயே எதிரில் வந்து நின்றாலும் புரோக்கர் என்றுதான் தோன்றும். வேறு எங்கோ பேட்டரியை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று குனிந்து வளைந்து தேடினார். பிறகு கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். கதவு தானாகவே சாத்திக்கொண்டது.

சீட் பின்னால் சாய்த்துவிடப்பட்டிருந்தது, யாரோ படுத்திருந்த மாதிரி. நிமிர்த்தினார். சீட்டும் சூடு. அது இன்ஜின் சூடு இல்லை. ஒருவர் இப்போதுதான் எழுந்து போன சூடு. ஸ்டியரிங்கில் கை வைத்தார்... ஈரம். வியர்வை.

தலைக்கு மேல் இருந்த கண்ணாடியைச் சரிசெய்து பின்னால் பார்த்தார்.

கண்ணாடியில் ஷட்டர் மூடியிருந்தது.

இவர் தூக்கிய ஷட்டர். திரும்பிப் பார்த்தார். திறந்துதான் இருந்தது. வெயிலில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். மறுபடியும் கண்ணாடி... மூடிய ஷட்டர். இருட்டு. புகை.

நெஞ்சு அடைத்தது. தலை சுற்றியது.

டேஷ்போர்டில் கடிகாரம் எரிந்தது. பேட்டரி இல்லாத வண்டியில்... 3.58.

கதவைத் தள்ளினார். டக். பூட்டிக்கொண்டது.

3.59.

சீட் மெல்லப் பின்னால் சாய்ந்தது...

காதுக்குப் பக்கத்தில் ஒரு மூச்சு. களைத்துப் போன ஆண் குரல்.

"வந்துட்டாரா?"

எப்படி வெளியே வந்தார் என்று மாப்பிள்ளைக்குத் தெரியாது. அந்த அம்மாதான் வெளியிலிருந்து கதவைத் திறந்ததாகச் சொன்னார். திறக்க ஒன்றும் கஷ்டமாக இல்லையாம், கதவு பூட்டியே இருக்கவில்லையாம். மாப்பிள்ளை தெருவில் போய் நின்று வாந்தி எடுத்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

இதற்குப் பிறகும் அந்த வண்டியை வாங்குவானா மனுஷன் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "மச்சான், அவ படிக்கட்டுல விழுந்தப்போ நீங்க பாக்கல" என்றார். அவ்வளவுதான். திரும்ப உள்ளே போயிருக்கிறார். போனவர் சும்மா போனாரா? பானெட் சூட்டைக் காட்டிப் பேரமும் பேசியிருக்கிறார். சொன்ன பேச்சை மீறி வண்டியை ஓடவிட்டதாகக் குற்றம் சாட்டி, விலையைப் பாதியாக்கினார்.  அந்த அம்மா தலையை மட்டும் ஆட்டினார். இதைச் சொல்லும்போது மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் அவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் மெக்கானிக் வந்து பேட்டரி போட்டார். சாவியைத் திருகிய முதல் திருகிலேயே கிளம்பியது. அன்று முதல் இன்றுவரை ஒருநாள்கூட மக்கர் செய்ததில்லை. அடித்துப் பெய்த மழையிலும், பல் கிட்டுகிற குளிரிலும், காலை ஐந்தரைக்குத் தங்கை வந்து உட்காரும்போது பானெட் சூடாகவே இருக்கும். நானே தொட்டிருக்கிறேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டி. டிரைவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தால் இடுப்புக்கு இதமாக இருக்கிறது என்கிறாள் தங்கை. பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

பத்து நாள் கழித்து, மாற்றுச் சாவியும் ஒரு கையெழுத்தும் வாங்க மாப்பிள்ளை மறுபடி அங்கே போனார். கராஜ் காலியாக இருந்தது. ஷட்டரையே கழற்றிவிட்டிருந்தார்கள். அப்போதுதான் கேட்டார், வண்டியில் யார் என்று.

அந்த அம்மா மறைக்கவில்லை. தன் வீட்டுக்காரர் என்றார். மூன்று மாதத்துக்கு முன்னால் அவரே விளம்பரம் கொடுத்து விற்கப் பார்த்தாராம். ஒருவர் போன் செய்து நாலு மணிக்கு வருவதாகச் சொன்னாராம். வண்டி முதல் தடவை மட்டும் கிளம்பக் கொஞ்சம் அடம் பிடிக்கும். பெரியவருக்கு அதே கவலை.

"ஸ்டார்ட் பண்ணக் கூடாது, தொட்டுப் பார்ப்பேன்னு வர்றவரு சொல்லிட்டாராம், தம்பி. ரெண்டே முக்காலுக்கு ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரத்துல நிறுத்திட்டா நாலு மணிக்குள்ள ஆறிடும்னாரு. சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு ஷட்டரை இறக்கிக்கிட்டாரு."

மாப்பிள்ளை கராஜ் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நாலு மணிக்கு மேலயும் இன்ஜின் சத்தம் கேட்டுச்சு. வந்துட்டாங்க, ரெண்டு பேரும் பேசிட்டிருக்காங்கன்னு நெனச்சேன். நடுவுல போகக் கூடாதுன்னு இருந்தேன். அஞ்சு மணிக்கு டீ எடுத்துட்டுப் போனேன்... ரெண்டு கப்."

 அந்த அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஏதாவது தேவைப்பட்டால் கூப்பிட நம்பர் சொல்லுங்கள் என்று ஒரு பழைய போனை எடுத்தார். வீட்டுக்காரருடைய போன். இப்போது அந்த அம்மாதான் வைத்திருக்கிறார். மாப்பிள்ளை ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். கடைசி எண்ணை அழுத்தியதும் அந்த அம்மாவின் விரல் நின்றது.

திரையில் ஒரு பெயர் வந்திருந்தது.

'கார் பாக்க 4 மணி.'

மூன்று மாதத்துக்கு முந்தைய அந்த மாதம் மாப்பிள்ளை முப்பது பேருக்காவது போன் செய்திருப்பார். நாலைந்து பேரிடம் நேரம் சொல்லிவிட்டு ஒருவரிடம் போவார். வரவில்லை என்று மற்றவர்களுக்குச் சொல்கிற வழக்கமில்லை. வாங்குகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். பெரியவர் காத்திருந்த அன்று ஏன் போகவில்லை என்று எவ்வளவு யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை.

பெயருக்குக் கீழே அன்றைய அழைப்புகள் இருந்தன. பெரியவர் இவருக்குச் செய்தவை. 3.05. 3.12. 4.25. மூன்றையும் இவர் கட் செய்திருக்கிறார். மூடிய கராஜில் புகை அடைத்துப் பெரியவர் உயிர் போனது நாலு மணிக்கு முன்பே என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம், கையெழுத்துப் போட்ட தாள்களோடு மேஜையில் இருந்தது.

அந்த அம்மா போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். அப்புறம் மாற்றுச் சாவியை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தார்.

"வண்டி ஒழுங்கா ஸ்டார்ட் ஆகுதா, தம்பி?"

"ஆகுதும்மா."

"அவருக்கு அது ஒண்ணுதான் கவலையா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டார்.