கால் உளுக்கிய ஆசான்

எங்கள் ஜங்ஷனில் என் முகத்தோடு ஒரு ஃபிளெக்ஸ் போர்டு கட்டிய மறுநாள் காலையில்தான் நான் வழுக்கி விழுந்தேன். ஒரு நாள் முன்னதாக விழுந்திருந்தால் ஊர் என் முகத்தை அவ்வளவு பெரிதாகப் பார்க்க நேர்ந்திருக்காது.

போர்டில் நான் கையுறை மாட்டிய இரண்டு கைகளையும் தாடைக்கு முன்னால் வைத்துக்கொண்டு முறைத்தேன். எதிர்ப்பக்கம் அதே மாதிரி முறைத்தவன் என் மனைவியின் தம்பி, பக்கத்து ஊரான காரோட்டில் இருப்பவன். எங்கள் இருவருக்கும் நடுவில் தீப்பொறி பறந்தது. திருவோணத்தன்று கிளப் மைதானத்தில் மூன்று ரவுண்டு குத்துச்சண்டை என்று கீழே மலையாளத்தில் எழுதியிருந்தது.

இது எப்படி வந்தது என்றால், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒருவர், கேரள எல்லையில் இருக்கும் பாறசாலையில், மூடிப்போன டியூட்டோரியல் ஒன்றின் மாடியில் குத்துச்சண்டை வகுப்பு தொடங்கினார். மாஸ்டர் என்று கூப்பிடுவோம். நாற்பதைத் தாண்டிய நான் அங்கே சேர்ந்தது வயிற்றைக் குறைக்க. மச்சினன் சேர்ந்தது நான் அடி வாங்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்க. ஓணத்துக்குப் புதிதாக ஏதாவது வேண்டும் என்று கிளப்பில் கேட்டபோது, மாஸ்டர் எங்கள் இருவரையும் கைகாட்டிவிட்டார்.

எனக்குப் பெரிய சந்தோஷம். பள்ளிக்கூட நாளிலிருந்து எந்த விளையாட்டிலும் என்னை யாரும் சேர்த்ததில்லை. கயிறு இழுக்கும் வடம்வலிக்கு ஆள் குறைந்தால்கூட, "நீ அந்தச் செருப்புகளைப் பாத்துக்க" என்றுதான் சொல்வார்கள். அதனால் எனக்கு இருந்தது ஒரே ஆசை. ஜெயிக்கவெல்லாம் வேண்டாம். கடைசி மணி அடிக்கும்போது என் இரண்டு காலில் நான் நின்றுகொண்டிருக்க வேண்டும். அதை ஊர் பார்க்க வேண்டும்.

இதில் கால்தான் போயிற்று.

நான் வேலை பார்ப்பது டைல்ஸ் கடையில். வழுக்காத ஓடுகளைப் பற்றி நான் பேசுவதைக் கேட்டால், குளியலறை இல்லாதவர்களும் வாங்கிப் போவார்கள். என் சொந்த முற்றத்தில் கர்க்கடக மாதத்து ஆடி மழைக்குப் பாசி பிடித்துக் கிடந்தது. என் போர்டை நானே இன்னொரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்று அவசரமாக இறங்கினேன். ஒரு கால் ஜங்ஷன் பக்கம் போயிற்று. இன்னொரு கால் என்னோடு இருந்தது.

எலும்பு உடையவில்லை, கணுக்காலில் நார் கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். கட்டுப் போட்டார். "வெயிட் தூக்கக் கூடாது, சூடு வெள்ளம் பிடிக்கணும், ஆடாமல் இருக்கணும்" என்றார். சூடு வெள்ளம் என்றால் வெந்நீர் ஒத்தடம். ஓணத்துக்குள் ஆறிவிடுமா என்று கேட்டேன். "நோக்காம்" என்றார். லோடு எப்போது வரும் என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் நான் சொல்லும் 'பார்க்கலாம்' அதே ராகத்தில்தான் இருக்கும்.

மாஸ்டர் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார்.

"கைக்குக் கொழப்பம் ஒண்ணும் இல்லல்லா?"

"இல்ல மாஸ்டர்."

"பின்ன என்னத்துக்குப் படுத்துக் கெடக்கா? நாற்காலியில இருந்து ஷேடோ பாக்சிங் செய்யி. எதிர்ல ஆளு உண்டுண்ணு நெனச்சுக் காத்துல குத்து. நீயும் அவனைத் தொட வேண்டாம், அவனும் ஒன்னைத் தொட மாட்டான். ஒனக்குச் சேர்ந்த சண்டையாக்கும்."

மறுநாள் விடிந்ததும் வாசல் திண்ணையான சிட்டவுட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கட்டுப்போட்ட காலை ஒரு முக்காலியில் நீட்டி வைத்து, குத்தத் தொடங்கினேன். ஒவ்வொரு குத்துக்கும் 'ஷ்ஷ்' என்று மூச்சு விட வேண்டும் என்பது மாஸ்டரின் பாடம். எதிரில் மச்சினன் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். என் கற்பனை மிகவும் நேர்மையானது. அதிலும் அவன்தான் எனக்கு முதல் அடி கொடுத்தான். நான் குனிந்தேன். நாற்காலி என்னோடு குனிந்தது.

மனைவி சாயாவோடு வந்து நின்றாள்.

"என்னத்த, கொசு அடிக்கியளா?"

"பாக்சிங்."

"யாரை?"

"ஒனக்க தம்பியைத்தான்."

"அவன் அங்க காரோட்டுல சொகமா ஒறங்கியான். நீங்க இஞ்ச வேர்த்து ஒழுகுதிய. இதுல யாரு ஜெயிச்சா?"

சாயாவைக் குடித்தேன்.

எங்கள் வீட்டு மதில் உயரம் குறைவு. காலையில் ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிலர் வேகத்தைக் குறைத்தார்கள். ஒருவர் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து விட்டுவிட்டுக் கடந்து போனார். அந்த மரியாதை எனக்குப் புதிது. பயமாகவும் இருந்தது.

காரணம் பிறகுதான் விளங்கியது. எங்கள் பக்கங்களில் அடிக்கப் படித்தவர்தான் உளுக்கும் எடுப்பார். களரி சொல்லிக்கொடுப்பவரும் பிசகிய எலும்பைப் பிடித்து வைப்பவரும் ஒரே ஆள், ஆசான். கர்க்கடகமோ எண்ணெய் தேய்த்து உடம்பை நீவி விடும் மாதம். எங்கள் ஊர் ஆசான் அந்த வருடம் பார்த்து வளைகுடாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். இந்த நேரத்தில் ஒருவன் விடியற்காலையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கி, காற்றில் கை வீசி, ஷ்ஷ் ஷ்ஷ் என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தால் ஊர் என்ன நினைக்கும்?

முதலில் வந்தவர் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் வெட்டும் அண்ணன். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கையில் வெற்றிலையும் பாக்கும்.

"ஆசானே, பெடலி பிடிச்சுப் போச்சு. ஒண்ணு பாக்கணும்" என்று கழுத்தைக் காட்டினார்.

"அண்ணே, நான் ஆசான் இல்ல. டைல்ஸ் கடையில நிக்கியவன். ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும். வித்தை உள்ளவன் எவனாவது உண்டுண்ணு சொல்லுவானா?"

"எனக்க காலே உளுக்கிக் கெடக்கு, பாத்தியளா?"

கழுத்தைக் குனிய முடியாததால் முழு உடம்பையும் வளைத்து என் காலைப் பார்த்தார். "நல்ல கெட்டாக்கும். ஆசானே கெட்டினதா?"

இதற்கு மேல் என்ன சொல்ல? தொடவே மாட்டேன், டாக்டரைப் பாருங்கள் என்றேன். போகும்போது பாவமாக இருந்ததால், எனக்கு டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். வெயிட் தூக்கக் கூடாது, சூடு வெள்ளம் பிடிக்கணும், ஆடாமல் இருக்கணும். அவர் டாக்டரிடம் போகவில்லை. வீட்டுக்குப் போய் ஆடாமல் இருந்தார். சில நாளில் தலையை இரு பக்கமும் திருப்பிக் காட்டிக்கொண்டு, ஒரு ஏத்தன் வாழைக்குலையைத் தோளில் சுமந்து வந்து சிட்டவுட்டில் வைத்தார். வெயிட் தூக்கக் கூடாது என்று நான் சொன்னதை மறந்துவிட்டார் போலும்.

பிறகு நின்றபாடில்லை. பெருங்கடவிளையிலிருந்து ஒரு அக்கா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். அதே ஆட்டோவில் தாலுகா ஆசுபத்திரிக்கு அனுப்பினேன். முதுகு பிடித்தவர், முட்டி வீங்கியவர், எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டு டாக்டரிடம் விரட்டினேன். அங்கே குணமானவர்களும் என் பெயரைத்தான் சொன்னார்கள். தொடாமலேயே குணமாக்குகிறான் என்று பேச்சு பரவியது. அவர்களும் கொண்டுவந்து வைத்த குலைகளையெல்லாம் மனைவி ஓணத்துக்கு வாழைக்காய் உப்பேரியாக வறுத்துத் தகர டப்பாக்களில் அடைத்தாள்.

"நீங்க டைல்ஸ் விக்கியதை விட, இதுல வீட்டுக்குப் பிரயோஜனம் உண்டு" என்றாள்.

கட்டு அவிழ்ந்தது. நாற்காலியை விட்டு எழுந்து நின்று காற்றைக் குத்தினேன். பிறகு மெல்ல முன்னும் பின்னும் கால் வைத்தேன். வலித்தது, ஆனால் நின்றேன். ஓணம் நெருங்கியபோது டாக்டரிடம் போய், இனி ரிங்கில் ஏறலாமா என்று கேட்டேன். அவர் காலைத் திருகிப் பார்த்தார். நிற்கலாம், நடக்கலாம், ஆனால் யாராவது ஒருவன் தள்ளினால் பழையபடி ஆகிவிடும், ஏறவே கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்து நான் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. ஜங்ஷனைத் தவிர்த்துச் சுற்று வழியில் கடைக்குப் போனேன். ஏறாமல் விட்டால் வாழ்நாள் முழுக்கச் செருப்புப் பார்த்துக்கொள்கிறவன்தான். ஏறினால் விழுவேன். விழுவது நிச்சயம் என்றால் எந்தப் பக்கமாக விழலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஓணத்துக்கு முந்தின நாள், உத்திராடத்தன்று காலையில், மச்சினன் பைக்கில் வந்தான். கேட்டைத் தாண்டி நேராகப் போய், பிறகுதான் திரும்பி வந்தான். கழுத்து அசையவில்லை.

"அத்தான், டைல்ஸ் பெட்டி ஒண்ணு தூக்கினேன். ஒரு பிடி பிடிச்சு. திரும்ப மாட்டேங்குவு."

அவனுக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை. "எங்க கடைப் பெட்டியா?" என்று கேட்டேன்.

"பின்ன? ஒரு தட்டு தட்டி விடுங்க அத்தான். காரோட்டுல எல்லாரும் சொல்லியாவ, நீங்க தொடாமலே எடுப்பியளாம்."

"எலே, நீயுமா? நீ என்னைப் பாத்ததே இல்லியாலே?"

"பாத்திருக்கேன். அதனாலதான் எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா நாளைக்கு ரிங்குல ஏறல்லண்ணா பயந்துட்டேன்னு சொல்லுவாவ. என்னமாவது செய்யுங்க."

ஒரு நொடி எனக்குள் சாத்தான் எட்டிப் பார்த்தான். தப்பாக ஒரு தட்டு தட்டினால் போதும், நாளை ரிங்கில் நான் மட்டும் ஜம்மென்று நிற்கலாம். ஆனால் அவன் தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் உருட்டி என்னைப் பார்த்த பார்வையில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் உள்ளதைச் சொன்னேன்.

"மக்கா, எனக்கும் ஏறப்பிடாதுண்ணு டாக்டர் சொல்லிப்போட்டாரு."

வந்த மட்டும் போதும், இனி அவன் பைக்கை அவனாலும் ஓட்ட முடியாது, என்னாலும் ஓட்ட முடியாது. ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போனோம். அவர் அவனுடைய கழுத்துக்குப் பட்டை மாட்டினார். என் காலைப் பார்த்தார். ஜங்ஷன் போர்டில் முறைத்துக்கொண்டிருப்பவர்கள் நாங்கள்தான் என்று தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். "ஒருத்தரை ஒருத்தர் தொடாமல் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்" என்று மலையாளத்தில் சொல்லி அனுப்பினார்.

வெளியே வந்து நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதாவது நான் பார்த்தேன். அவன் உடம்போடு திரும்பினான். நேராக மாஸ்டர் வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "செரி. மூணு ரவுண்டு ஷேடோ. தொட்டவன் தோத்தான்" என்றார்.

திருவோணத்தன்று சாப்பாட்டுக்கு முன் மைதானம் நிறைந்திருந்தது. நாலு கமுகந் தடிகளை நட்டு, வடம்வலிக் கயிற்றைச் சுற்றிக் கட்டியதுதான் ரிங். மணிக்குப் பதில் பிரதமன் பாயசம் வைக்கும் பெரிய வார்ப்புப் பாத்திரத்தின் மூடி. மாஸ்டர் கரண்டியால் அதில் ஒரு அடி அடித்தார். நாங்கள் இரண்டு மூலையில் நின்று ஆளுக்கொரு காற்றைக் குத்தத் தொடங்கினோம்.

மைக் பிடித்தவன் விடவில்லை. "அத்தான் ஒரு இடி இடிச்சாச்சு! மச்சினன் அங்க நிண்ணிருந்தா பல்லு போயிருக்கும்! மச்சினன் நேரா மட்டும் பாக்கியான், சைடுல நடக்கியது ஒண்ணும் அவனுக்குத் தெரியாது!"

கூட்டம் உருண்டு சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை. கர்க்கடகம் முழுக்கக் குத்திய கை, அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது ரவுண்டில் சிரிப்பு குறைந்து கைதட்டல் கேட்டது. மூன்றாவது ரவுண்டில், "கை நல்லாத்தான் வருவு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அப்போதுதான் கணுக்கால் நடுங்கத் தொடங்கியது. பல்லைக் கடித்தேன். இன்னும் கொஞ்ச நேரம். நின்றால் போதும்.

நேராக ஒரு குத்து விட்டேன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பாய் விரித்துப் படுக்கலாம். மச்சினன் "அம்மோ" என்று சாய்ந்து தரையில் விழுந்தான்.

முன்னால் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு ரப்பர் வெட்டும் அண்ணனின் குரல் எழுந்தது. "நோக்கு வர்மமாக்கும்! தொடாமலே சாச்சுப் போட்டாரு! நான் சொன்னேம்லா!"

மாஸ்டர் எண்ணத் தொடங்கினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் கழுத்துதான் மனதில் நின்றது. நொண்டிக்கொண்டு ஓடிப்போய் அவன் பக்கத்தில் முட்டி போட்டு அவன் தோளைப் பிடித்தேன்.

"எலே மக்கா, கழுத்தா? ஆடாத, ஆடாம கெட!"

அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "அத்தான், நீங்க எதுக்கு இரிக்கிய? எந்திரிங்க, எந்திரிங்க!"

"ஏம்லே?"

"ஒங்க காலு ஆடுததைப் பாத்தேன். நீங்க விழதுக்கு முன்ன நான் விழுந்தா, நீங்க நிக்கலாமேண்ணுதான் விழுந்தேன். இப்பிடிக் கெடுத்துப் போட்டேளே!"

எழுந்திருக்கப் பார்த்தேன். கால் ஒத்துக்கொள்ளவில்லை. கீழே கிடந்தபடியே அவன் என்னைத் தள்ளி விடப் பார்த்தான். கழுத்து ஒத்துக்கொள்ளவில்லை. "தள்ளாத, தொட்டவன் தோத்தான்" என்றேன். "நீங்கதான் முதல்ல தொட்டிய" என்றான். அதற்குள் வார்ப்பு மூடி 'டங்' என்றது. நான் நின்றுகொண்டிருக்க வேண்டிய அந்த நேரத்தில், மச்சினனின் தோளைக் கட்டிக்கொண்டு, புல்லில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவனும் சிரித்தான். சிரித்தால் கழுத்து வலித்தது. வலித்ததால் இன்னும் சிரித்தான்.

யார் கையைத் தூக்குவது என்று மாஸ்டர் எங்களைச் சுற்றி வந்தார். கடைசியில் குனிந்து இரண்டு பேர் கையையும் பிடித்துத் தூக்கினார். கைகள் மட்டும் மேலே போயின.

மனைவி வடத்தருகில் வந்து நின்றாள்.

"யாரு ஜெயிச்சா?"

"தெரியல்ல" என்றோம் இரண்டு பேரும்.

"எந்திரிக்கியளா, இல்ல இலையை இஞ்சயே போடட்டா?"

இலையை அங்கேயே போடச் சொன்னோம்.