முந்திக்கொண்ட ஆமென்

கண்டக்குழிக் கரையில் வந்து சவிரியான் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. புளுகுச் சவிரி என்று கேளுங்கள், வாசல்வரை கூட்டிவந்து விடுவார்கள். என் வள்ளத்தைத் திமிங்கிலம் ஒன்று முதுகில் சுமந்துவந்து கரையில் இறக்கியதாக நான் சொன்னது பொய். வெயிலுக்குத் திருக்கை ஒன்று எனக்கு விசிறிவிட்டதும் பொய்தான். இது பொய்யில்லை. இதைப் பொய்யாக்கித் தருவார் யாரும் இருந்தால் வள்ளத்தையே கொடுத்துவிடுவேன்.

2016 ஆவணி மாதம். வெள்ளைக்காரர் ஒருவர் தன் விடுதியைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனார். அங்கே காவலுக்கு இருந்த ஸுஹைப், சுருட்டிய படம் ஒன்றை என் கையில் திணித்தான். அறைகளில் மாட்டவென்று வெளிநாட்டிலிருந்து அச்சடித்து வந்தவற்றில் பிரிக்காமல் மிஞ்சியது.

"என்ன படம் தம்பி?"

"உம்மாப் படமாம். எங்கட ஊட்டுல உருவம் மாட்ட ஏலாண்ணே. நீங்க கொண்டு போங்க."

உம்மா என்றால் அவர்கள் பேச்சில் அம்மா. பதிலுக்கு ஒரு பாரை மீன் கொடுத்தேன்.

வீட்டில் விரித்ததும் என் மனைவி மக்டலின் சிலுவை போட்டுக்கொண்டாள். தலையில் நீல முக்காடு, கையில் பிள்ளை. வேறு யாராக இருக்க முடியும்? ஆனால் முகம் பாசி பிடித்த பச்சை. கண் இருக்கவேண்டிய இடத்தில் கரியால் இழுத்ததுபோல் இரண்டு கோடு. கைகள் துடுப்பு நீளம். இரத்தச் சிவப்பில் பிள்ளையைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தன. சாயம் பூசியவருக்கு யார்மேலோ தீராத கோபம் போலிருந்தது.

"மாதாவுக்குக் காமாலை முத்திப்போச்சு" என்றேன்.

"வாயைக் கழுவுங்கோ. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊரா ஓடினவ. வேற எப்பிடி இருப்பா?"

படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, செபம் சொல்லும் மூலையில் மாட்டினாள்.

ஓடுவது அவளுக்குத் தெரியும். தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்தோம். எங்கள் ஒரே மகள் தர்சினி, மூன்று வயது, அவள் மடியில். கற்பிட்டி வெளிச்சம் தெரிகிற நேரம் ஓர் அலை அடித்தது. ஒன்றே ஒன்று. தண்ணீர் வடிந்தபோது மக்டலினின் கைகள் கட்டியபடி அப்படியே இருந்தன. உள்ளே பிள்ளை இல்லை.

அதன்பிறகு அவள் யாருடைய பிள்ளையையும் தூக்கியதில்லை. ஞானஸ்நான வீடுகளில் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள்.

பொழுதுபட்டதும் எங்கள் வீட்டில் செபமாலை. ஒவ்வொரு செபத்திலும் முன்பாதி அவளுக்கு, பின்பாதி எனக்கு. தர்சினி இருந்த காலத்தில் பின்பாதிக்கு அவளும் என்னோடு சேருவாள். சொல்லத் தெரியாது. ஏதோ முனகிவிட்டு, நித்திரை அவசரத்தில் 'ஆமென்' என்று மட்டும் முந்திக்கொண்டு கத்துவாள். என் பிள்ளையல்லவா, குறுக்குவழி தெரியும்.

படம் மாட்டி மூன்றாம் நாள். கரண்ட் போயிருந்தது. மணி ஏழு பத்து இருக்கும். நான் பின்பாதியைப் பாதிதான் சொல்லியிருந்தேன்.

"ஆமென்!"

மக்டலின் செபமாலையைக் கீழே வைத்தாள்.

"இந்தப் பகிடி வேண்டாம்."

"நான் இல்லையப்பா."

"உங்களை எனக்குத் தெரியாதோ? அவளின்ர குரலைக் கொண்டு விளையாடாதேங்கோ..."

அன்று அவள் சாப்பிடவில்லை. நான் வாழ்நாளில் சொன்ன பொய்கள் எல்லாம் அவள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டன.

மறுநாள் செபத்துக்கு முன் ஒரு செம்புத் தண்ணீர் எடுத்துவந்தேன். வாய் நிறைய ஊற்றிக்கொண்டு, உப்பிய கன்னத்தை அவளுக்குத் தொட்டுக் காட்டினேன். அவளுக்கு விளங்கியது. முன்பாதியைச் சொன்னாள். நிறுத்தினாள்.

மெழுகுதிரி நிமிர்ந்து எரிந்தது. படத்தின் கண்ணாடிக்கு உட்புறம் ஒரு நீர்த்துளி இறங்கியது. பிறகு இன்னொன்று.

சொட்டு... சொட்டு...

மூலையிலிருந்து ஒரு முனகல். சின்னதாக. அவசரமாக.

"ஆமென்!"

தண்ணீர் என் வாயில்தான் இருந்தது.

மக்டலின் என் கன்னத்தைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள்.

எழுந்தாள்.

கைகளை நீட்டினாள்.

திரி அணைந்தது.

கடல் மணம்...

"வா, ராசாத்தி."

நான் நெருப்புப்பெட்டியைத் தேடி எடுத்துக் கொளுத்தியபோது அவள் தரையில் இருந்தாள். கைகள் எதையோ சுற்றிக் கட்டியிருந்தன. சட்டைக்கை இரண்டும் நனைந்திருந்தன.

"மக்டலின்..."

"மெதுவாக் கதையுங்கோ. இப்பதான் கண்ணயர்ந்தவள்."

அதுதான் அவள் கடைசியாகக் கதைத்தது. விடிந்தபோது உடம்பு குளிர்ந்திருந்தது. கைகளைப் பிரிக்க எங்களால் முடியவில்லை. அப்படியேதான் அடக்கம் செய்தோம்.

படத்தில் முக்காடு இருந்தது. பச்சை முகம் இருந்தது. சிவப்புக் கைகள் அதேபோல் சுற்றியிருந்தன. நடுவில் பிள்ளை இல்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் படத்தை ஸுஹைப்பிடம் கொண்டுபோனேன்.

"நல்ல படம் தந்தாய் தம்பி. தண்ணி பட்டுப் பிள்ளை அழிஞ்சுபோச்சு."

அவன் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தன் போனில் விடுதி அறைகளின் போட்டோக்களை ஒவ்வொன்றாகக் காட்டினான்.

"எந்தப் புள்ளண்ணே? எல்லா அறையிலயும் இதே படந்தான். வெறுங்கை. புள்ளயப் பறிகுடுத்த உம்மாவாம். வாறவங்க பாத்து அழுறாங்கண்டுதான் கழட்டினோம்."

படத்தைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டினேன். இப்போது முன்பாதியை நான் சொல்கிறேன். சொல்லி முடித்ததும் ஒரு வாய்த் தண்ணீரை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும்.

ஒருநாள் கேட்டது என்று இங்கே எழுதினால் உங்களுக்கும் பயமாக இருக்கும், கதைக்கும் நல்லது. புளுகுச் சவிரிக்கு அது பெரிய வேலையுமில்லை.

கேட்கவில்லை.